மூன்றே முக்கால் மணி நேரத்தை இரண்டே முக்காலாக்குவது எப்படி?

வாசகர் கேள்வி – பதில்

பழைய பிரம்மாண்டப் படங்களை ரசிகர்களே தங்கள் வசதிக்குச் சுருக்கித் தொகுத்துக்கொள்வதற்கு ‘ஃபேன் எடிட்’ என்று பெயர். இதைப் பற்றி வந்த கடிதங்களில் பல, முதல் உலகப் போரில் அரபுகளோடு சேர்ந்து துருக்கியரை எதிர்த்த ஆங்கிலேய அதிகாரியின் கதையான ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வைக் குறிப்பிட்டே கேட்டிருந்தன. ஆகவே பதில்களும் பெரும்பாலும் அந்தப் படத்தை வைத்தே.

கேள்வி: ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ புளூ-ரே டிஸ்க் வாங்கி வைத்திருக்கிறேன். 227 நிமிடம். வீட்டில் ஒருவரும் முழுசாக உட்கார மாட்டேன் என்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர முடியுமா? – ஒரு வாசகர், திருச்சி

கொண்டுவரலாம், ஆனால் கையில் மிஞ்சுவது வேறு படம். 227இல் படம் என்பது 216 நிமிடம்தான். மீதி 11 நிமிடம் திரை இருண்டிருக்க ஒலிக்கும் முன்னிசை, இடைவேளை இசை, படம் முடிந்து ஜனங்கள் எழுந்து போகும்போது ஒலிக்கும் இசை. தியேட்டரில் ஆட்கள் சீட்டு தேடி உட்காருவதற்காக வைத்தது அது. வீட்டு சோபாவுக்குத் தேவையில்லை, வலிக்காமல் எடுத்துவிடலாம். அதற்குமேல் 216ஐ 120 ஆக்க 96 நிமிடம் போக வேண்டும், நூற்றுக்கு 44. அதுவே 165இல் நிறுத்தினால் 51 நிமிடம், கால் பங்குக்கும் குறைவு. முதல் முயற்சிக்கு 165ஐ இலக்காக வையுங்கள்.

எல்லா ஷாட்டிலும் துளித்துளியாக ட்ரிம் செய்தால் நீளம் குறைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். 600 ஷாட்டுகளில் தலா ஒரு விநாடி வெட்டினால் கிடைப்பது வெறும் 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகப் படத்தின் நடையே கெட்டு, எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒட்டகம் ஏறுவார்கள். நீளம் குறைய வேண்டுமானால் காட்சியாகத் தூக்க வேண்டும், அல்லது காட்சிக்குள் ஒரு முழுத் துண்டாகத் தூக்க வேண்டும்.

இந்தப் படத்தை உரியவர்களே இரண்டு முறை வெட்டியிருக்கிறார்கள். 1962 டிசம்பரில் லண்டனில் முதலில் ஓடியது 222 நிமிடம். சில வாரங்களிலேயே அது 202 ஆனது. 1970 மறுவெளியீட்டில் 187. பிறகு ராபர்ட் ஏ. ஹாரிஸ் முன்னின்று மீட்டெடுத்து, இயக்குநர் டேவிட் லீன் மேற்பார்வையில் 1989இல் வந்ததுதான் இன்று நம்மிடம் இருக்கும் 216 நிமிடப் பதிப்பு. மீட்கும்போது சில காட்சிகளுக்குப் படம் கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை. லாரன்ஸாக நடித்த பீட்டர் ஓ’டூல், மற்றும் அலெக் கின்னஸ், ஆந்தனி க்வின் போன்றோர் கால் நூற்றாண்டுக்கும் மேல் கழித்துத் தங்கள் வசனத்தைத் திரும்பப் பேசினார்கள். ஜெனரல் ஆலன்பியாக நடித்த ஜாக் ஹாக்கின்ஸ் 1973லேயே இறந்துவிட்டதால் அவருக்குச் சார்லஸ் கிரே குரல் கொடுத்தார். ஜெருசலேமில் ஆலன்பி லாரன்ஸை மறுபடி வேலைக்குச் சம்மதிக்க வைக்கும் பேச்சின் ஒரு பகுதி இப்படித் திரும்பி வந்ததுதான். அதை வெட்டினால் கதை புரியும், லாரன்ஸ் ஏன் மனம் மாறினார் என்பதுதான் புரியாது. உங்கள் கத்தரியும் முதலில் போய் நிற்பது இப்படிப்பட்ட ‘சும்மா பேசிக்கொண்டிருக்கும்’ காட்சிகளில்தான். ஜாக்கிரதை.

கேள்வி: எந்தக் காட்சியை எடுக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று எப்படி முடிவு செய்வது? – கல்லூரி மாணவி, கோவை

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஒரு நோட்டு, அல்லது ஒரு எக்செல் ஷீட். படத்தை ஓடவிட்டு ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி: தொடங்கும் நேரம், முடியும் நேரம், யார் யார், என்ன புதிதாகத் தெரிகிறது, பின்னணி இசை எங்கே ஏறி எங்கே இறங்குகிறது. கடைசியாக ஒரு பத்தி: ‘இது பின்னால் எங்கே தேவைப்படுகிறது?’ இந்தக் கடைசிப் பத்திதான் முக்கியம். இதை நிரப்ப ஒரு முறை பார்த்தால் போதாது, இரண்டாவது முறை பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

ஒரு சங்கிலியை மட்டும் காட்டுகிறேன். படத் தொடக்கத்தில் செயின்ட் பால் தேவாலயத்தில் லாரன்ஸுக்கு நினைவுக் கூட்டம். அங்கே ஓர் அதிகாரி, டமாஸ்கஸில் அவர் கையைக் குலுக்கும் பெருமை தனக்குக் கிடைத்தது என்று சொல்லிக்கொள்கிறார். மூன்று மணி நேரம் கழித்து டமாஸ்கஸ் ஆஸ்பத்திரியில் அதே அதிகாரி, அரபு உடையிலிருக்கும் லாரன்ஸை யாரென்று தெரியாமல் கன்னத்தில் அறைகிறார். அடுத்து, ராணுவ உடையில் வரும் லாரன்ஸின் கையைப் பெருமையோடு குலுக்குகிறார். மூன்று புள்ளி, ஒரு கோடு. ஆஸ்பத்திரியை மட்டும் எடுத்தால் மற்ற இரண்டும் அந்தரத்தில் தொங்கும். தேவாலயத்தை மட்டும் எடுத்தால் அறையும் கைகுலுக்கலும் தம்மளவில் முழுசாகவே நிற்கும். ஆகவே வெட்ட வேண்டுமென்றால் வெட்டுப்பட வேண்டியது தேவாலயம். மோட்டார் சைக்கிள் விபத்தை வைத்துக்கொண்டு, கிளையில் தொங்கும் அவருடைய மூக்குக் கண்ணாடியிலிருந்து நேரே கெய்ரோ வரைபட அறைக்குப் போய்விடலாம். விபத்தையே தூக்கிவிட்டால் தப்பு. படத்தின் கடைசியில் லாரன்ஸின் காரைத் தாண்டி ஒரு மோட்டார் சைக்கிள் போகிறதே, அதற்கு அப்புறம் அர்த்தமே இருக்காது.

இதே மாதிரி, நஃபூத் பாலையில் ஒட்டகத்திலிருந்து விழுந்துபோன காசிமைத் தேடி லாரன்ஸ் திரும்பிப் போவது நீளமான பகுதி, கை துறுதுறுக்கும். ஆனால் பிறகு அதே காசிமை லாரன்ஸே தன் கையால் சுட வேண்டி வருகிறது. காப்பாற்றியது இல்லாவிட்டால் சுட்டது வெறும் தண்டனை. இரண்டும் இருக்க வேண்டும். நடுவில் வெறும் மணலும் வெயிலுமாகப் போகும் ஷாட்டுகளில் மூன்றில் ஒன்றை எடுக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். லாரன்ஸின் இரண்டு வேலைக்காரப் பையன்களில் ஒருவனான தாவூத் புதைமணலில் சாவதை எடுத்தால், கெய்ரோ ஆபீசர்கள் மெஸ்ஸில் லாரன்ஸ் ஒரே ஒரு பையனோடு நுழையும்போது ‘இன்னொருத்தன் எங்கே?’ என்ற கேள்வி வரும். இரண்டாம் பாதியில் குதிரைகள் ஏற்றிய ரயில் தாக்குதலை உள்ளுக்குள் நன்றாகச் சுருக்கலாம். முழுசாகத் தூக்கினால் பழங்குடித் தலைவர் ஔதா ஏன் ஊருக்குக் கிளம்பினார் என்பது போய்விடும்.

அப்படியானால் 51 நிமிடம் எங்கிருந்து வரும்? தேவாலயம், கூடாரங்களில் நடக்கும் அரசியல் பேச்சுகளில் ஒரே கருத்தைத் திரும்பச் சொல்லும் பகுதிகள், ஔதா முகாமின் விருந்து, நடைப் பயணங்கள், பத்திரிகையாளர் பென்ட்லி கேள்வி கேட்கும் இடங்களில் பாதி, டமாஸ்கஸ் சபைக் கூச்சலில் பாதி. பெரிய மீன் ஏதும் இல்லை. பத்து, பன்னிரண்டு நடுத்தர மீன்கள்தான்.

கேள்வி: நெடும் பாலைவனக் காட்சியை வெட்டியபோது இரண்டு ஷாட்டும் ஒட்டாமல் நிற்கின்றன. நடுவில் வேறு இடத்திலிருந்து ஒரு பாலைவன ஷாட் எடுத்துச் செருகலாமா? – வாசகர், சேலம்

செருகலாம், ஆனால் எந்த மணல் என்று பார்த்துச் செருகுங்கள். இந்தப் படத்தின் பாலைவனம் ஒரே நாட்டில் எடுக்கப்பட்டதல்ல. முற்பகுதியில் கணிசமானது ஜோர்டானில் வாடி ரம், ஜெபல் துபைக் பக்கம். பிறகு படப்பிடிப்பு ஸ்பெயினுக்கு மாறியது, அகாபா ஊரையே அங்கே அல்மேரியா கடற்கரையில் செட் போட்டார்கள். கடைசிப் பகுதியில் கொஞ்சம் மொராக்கோ. வாடி ரம்மின் செம்மண் சாயலுக்குப் பக்கத்தில் ஸ்பெயினின் வெளிர்மணலை வைத்தால், கலர் கரெக்‌ஷனில் எவ்வளவு இழுத்தாலும் சரியாகாது. வானத்தை மணலோடு சேர்த்து இழுக்க வேண்டி வரும், நீலம் பச்சையாகும்.

அதே பயணத்துக்குள்ளிருந்து எடுங்கள். மூன்று விஷயம் பார்க்கவும்: நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்? ஒட்டகங்கள் திரையில் இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா? ஆட்கள் எத்தனை பேர்? லாரன்ஸ் அகாபாவை நோக்கிப் போவதைப் பெரும்பாலும் இடமிருந்து வலமாகவே லீன் அமைத்திருக்கிறார். திசை மாறிய ஒரு ஷாட் நடுவில் விழுந்தால் ‘திரும்பிப் போகிறார்கள் போல’ என்று கண் நினைத்துக்கொள்ளும். ஷாட்டைக் கண்ணாடிபோல் இடவலம் புரட்டிப் போட்டுத் தப்பிக்க நினைப்பவர்கள் கவனிக்க: வாள் இருக்கும் இடுப்பு மாறும், உடையை மடித்த பக்கமும் மாறும்.

கேள்வி: எவ்வளவு ஹார்டு டிஸ்க் இடம் வேண்டும்? எந்த சாஃப்ட்வேர்? படிப்படியாகச் சொல்ல முடியுமா? – வாசகர், ஈரோடு

டாவின்சி ரிசால்வ் இலவசப் பதிப்பே தாராளம். புளூ-ரே டிரைவ் பொருத்திய கம்ப்யூட்டர், 16 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. டிஸ்க்கிலிருந்து மேக்எம்கேவி என்ற மென்பொருள் மூலம் ஒரு எம்கேவி ஃபைலாக எடுத்துக்கொள்ளுங்கள். அதை அப்படியே எடிட்டிங்கில் போடாதீர்கள். டிஸ்க்கில் இருக்கும் ஹெச்.264 படம், ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாக வைத்திருப்பதில்லை. முழு ஃப்ரேம் எப்போதாவது ஒன்று, நடுவில் இருப்பவை மாற்றக் குறிப்புகள் மட்டுமே. நீங்கள் வெட்டும் இடத்தில் ஃப்ரேமைக் காட்ட, சாஃப்ட்வேர் முன்னும் பின்னும் ஓடிக் கணக்குப் போட வேண்டும், டைம்லைன் திக்கித் திக்கி ஓடும்.

எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் கொண்டு படத்தை, ஒவ்வொரு ஃப்ரேமையும் தனியாக வைத்திருக்கும் டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் வடிவத்துக்கு மாற்றுங்கள். 1080 அளவுக்கு எஸ்க்யூ தரம் போதும், 227 நிமிடத்துக்கு சுமார் 200 ஜிபி பிடிக்கும். ஹெச்க்யூ என்றால் 300 ஜிபி. டிஸ்க்கின் டிடிஎஸ் ஒலியை ரிசால்வ் படிக்காது, அதை 24 பிட் டபிள்யூஏவி ஆக்கிவிடுங்கள்.

ரிசால்வைத் திறந்ததும், எதையும் உள்ளே இழுக்கும் முன், புராஜெக்ட் ஃப்ரேம் ரேட்டை 23.976 என்று வையுங்கள். டைம்லைனில் ஒரு கிளிப் விழுந்த பிறகு இதை மாற்ற விடாது. 24 என்று விட்டுவிட்டுப் படமும் ஒலியும் வெவ்வேறு வேகத்தில் கணக்கிடப்பட்டால் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றுதான், முதல் ரீலில் தெரியாது. 216ஆவது நிமிடத்தில் கிட்டத்தட்ட 13 விநாடி பிசகியிருக்கும். ‘பால்’ (PAL) என்ற டிவி முறையில் வந்த பழைய டிவிடியிலிருந்து ஒரு காட்சியைக் கலப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி: அது 25 ஃப்ரேமில் ஓடுவது, 4 சதவீதம் வேகம், குரலும் அரைச் சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறியிருக்கும்.

4கே டிஸ்க் இருந்தாலும் முதல் முயற்சிக்குச் சாதாரண புளூ-ரேயையே பயன்படுத்துங்கள். 4கே டிஸ்க்கில் இருக்கும் ஹெச்டிஆர் (கூடுதல் ஒளி வீச்சுள்ள) படத்தைச் சரியான கலர் அமைப்பு இல்லாமல் உள்ளே இழுத்தால், பாலைவனம் பால் ஊற்றினாற்போல் வெளிறிப்போய்த் தெரியும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பதறி எழுதியிருந்த மதுரை வாசகருக்கும் இதுவே பதில்.

கேள்வி: படத்தில் வெட்டு தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு வெட்டிலும் காதில் ‘டக்’ என்று ஏதோ இடறுகிறது. – வாசகி, புதுச்சேரி

ஃபேன் எடிட்டில் கெட்டுப்போகும் இடம் பத்துக்கு எட்டு ஒலிதான். கண் எதையும் மன்னிக்கும், காது மன்னிக்காது. காட்சிக்குக் காட்சி காற்றின் சத்தம் வேறு, அறையின் அமைதி வேறு. படத்தை வெட்டிய அதே ஃப்ரேமில் ஒலியையும் நேராக வெட்டினால், அந்த அமைதி சடாரென்று மாறுவதைத்தான் காது ‘டக்’ என்று சொல்கிறது.

பாலைவனத்தில் ஒரு 40 விநாடித் துண்டை எடுத்துவிட்டதாக வையுங்கள். முன்னால் ஒட்டக வரிசை, பின்னால் அலியாக நடித்த ஒமர் ஷெரீஃபின் முகம். முதலில் ஒலியைப் படத்திலிருந்து பிரியுங்கள். முகம் வந்து 8 முதல் 12 ஃப்ரேம் வரை பழைய ஷாட்டின் காற்றே ஓடட்டும், அதன் பிறகு ஒலி மாறட்டும். அதாவது கண் ஒரு நேரத்திலும் காது ஒரு நேரத்திலும் வெட்டைக் கடக்கின்றன. இரண்டும் சேர்ந்து புகார் சொல்வதில்லை. மாறும் இடத்தில் 12 ஃப்ரேம் கிராஸ்ஃபேட், அதாவது ஒரு ஒலி தேயத் தேய அடுத்தது எழுவது. இரண்டும் வெவ்வேறு ஒலி என்பதால் ரிசால்வில் ‘+3 டெசிபல்’ என்றிருக்கும் கிராஸ்ஃபேடைப் போடுங்கள், 0 டெசிபல் போட்டால் நடுவில் ஒலி ஒரு கணம் பள்ளத்தில் இறங்கும். பிறகு அந்தக் காட்சியிலேயே யாரும் பேசாத, ஒட்டகம் கத்தாத 4 விநாடிக் காற்றைத் தேடி நகலெடுத்து, தனி ட்ராக்கில், வெட்டின் இருபுறமும் படியுமாறு மெலிதாகப் போர்த்துங்கள். இந்தப் போர்வை ஒன்றே பாதி வெட்டுகளை மறைத்துவிடும். வசனத்துக்கும் வசனத்துக்கும் நடுவே வெட்டும்போது நீளமான கிராஸ்ஃபேட் கூடாது, 2 முதல் 4 ஃப்ரேம். அதற்கு மேல் போனால் எடுத்துவிட்ட வசனத்தின் முதல் எழுத்து பேய் மாதிரி எட்டிப் பார்க்கும்.

கஷ்டம் இசையில்தான். மோரிஸ் ஜாரின் இசை ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் வெட்டினால் காற்றுப் போர்வை காப்பாற்றாது. ஷீட்டில் இசை ஏறும் நேரத்தையும் இறங்கும் நேரத்தையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான். முடிந்தவரை இசை தொடங்கும் முன்போ முடிந்த பின்போ வெட்டுங்கள். வேறு வழியில்லை என்றால், அந்தப் படத்தின் முக்கிய மெட்டு பல இடங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு இடத்தில் மெட்டின் வரி முடிகிற இடத்தையும், இன்னொரு இடத்தில் அதே வரி தொடங்குகிற இடத்தையும் சேர்க்கலாம். சேர்க்கும் முன் செல்போனில் ஏதாவது ஒரு பியானோ ஆப்பைத் தட்டி, இரண்டும் ஒரே சுருதியா என்று பாருங்கள். அரைச் சுரம் விலகியிருந்தால் விட்டுவிடுங்கள், ஒட்டாது. வெட்டுவது தாள அடியில் இருக்கட்டும், ஆனால் போகிற இசையின் எதிரொலி வாலை ஒன்றரை, இரண்டு விநாடி தனி ட்ராக்கில் ஓடவிட்டுத் தேயவிடுங்கள். வாலை நறுக்கினால்தான் மாட்டிக்கொள்கிறோம்.

ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்-ஊஃபருக்குமான 5.1 ஒலியை ஆறு தனி மோனோ ட்ராக்குகளாகப் பிரித்துக்கொண்டால் கொஞ்சம் சுதந்திரம் கிடைக்கும். வசனம் பெரும்பாலும் நடு ட்ராக்கில், இசை பெரும்பாலும் இடது, வலதில். இசையை ஓடவிட்டு வசனத்தை மட்டும் எடுக்க முடிகிற இடங்கள் உண்டு. ‘பெரும்பாலும்’ என்பதை அழுத்திச் சொல்கிறோம்: 70 மி.மீ. காலத்துப் படங்களில் திரைக்குப் பின்னால் ஐந்து ஸ்பீக்கர், நடிகர் நிற்கும் பக்கத்திலிருந்தே குரல் வருமாறு கலப்பது அப்போதைய வழக்கம். அதன் மிச்சம் பக்க ட்ராக்குகளில் இருக்கலாம், மூன்றையும் தனித்தனியே கேட்டுவிட்டு வெட்டுங்கள். பிரித்த ட்ராக்குகளைத் திரும்பச் சேர்க்கும்போது வரிசை முக்கியம்: டபிள்யூஏவி ஃபைலில் இடது, வலது, நடு, சப்-ஊஃபர், பின் இடது, பின் வலது. மிக்ஸிங் அறைகளில் இடது, நடு, வலது என்று வேறு வரிசையும் உண்டு. மாறிப்போனால் ஓ’டூல் அறையின் மூலையிலிருந்து பேசுவார்.

குரலையும் இசையையும் பிரிக்கும் டெமக்ஸ் போன்ற இலவச ஏஐ கருவிகள் இப்போது இருக்கின்றன. உதவும், ஆனால் பிரித்த ஒலியைத் தனியாகக் கேட்டால் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோலக் குழைந்திருக்கும். இரண்டு, மூன்று விநாடி பாலம் போட மட்டும் பயன்படுத்தி, மேலே காற்றைப் போர்த்திவிடுங்கள்.

கேள்வி: புகழ்பெற்ற தீக்குச்சிக் காட்சி, கானல் நீரில் ஒமர் ஷெரீஃப் வரும் காட்சி... இதையெல்லாம் சுருக்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

தீக்குச்சி: லாரன்ஸ் ஊதி அணைக்கிறார், அடுத்த ஃப்ரேமில் பாலைவன விடியல். இது திரைக்கதையில் டிஸால்வாக, அதாவது ஒரு ஷாட் கரைந்து அடுத்தது எழுவதாக இருந்தது. எடிட்டிங் மேசையில் நேர்வெட்டாகப் பார்த்தபோதுதான் அதன் வீச்சு தெரிந்தது. படத்தொகுப்பாளர் ஆன் வி. கோட்ஸ் அதிலிருந்து இரண்டு ஃப்ரேம் கழித்து இறுதி செய்ததாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஃப்ரேம் என்றால் விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு. அவ்வளவு நுணுக்கமாக நிறுத்திவைத்த இடத்தில் நாம் கை வைக்க ஒன்றும் இல்லை. முன்னதாக வரைபட அறையில் எரியும் குச்சியை விரலால் நசுக்கி அணைக்கும் இடத்தையும் சேர்த்து அப்படியே விட்டுவிடுங்கள், இங்கே ஊதி அணைப்பது அதற்கான பதில்.

கானல் நீர்க் காட்சியில் ஒளிப்பதிவாளர் ஃப்ரெட்டி யங் 482 மி.மீ. லென்ஸ் போட்டு எடுத்தார். தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, அது மெல்ல மெல்ல ஆளாகிறது. காத்திருப்பதுதான் காட்சி. பாதியாக்கினால் ‘ஒரு ஆள் வந்தார், சுட்டார்’ என்று ஆகிவிடும். 20 விநாடி மிச்சம் பிடிக்க இங்கே வராதீர்கள், கூடாரத்துக்குள் போங்கள்.

கேள்வி: நம் ‘கர்ணன்’ படத்தை இதே முறையில் இரண்டு மணி நேரமாக்க நினைக்கிறேன். பாடல்களை என்ன செய்வது? – வாசகர், காரைக்குடி

‘கர்ணன்’ (1964) விஷயத்தில் இரண்டு வித்தியாசம். முதலாவது, அந்தக் காலத்து ஒலி மோனோ. வசனம், பாட்டு, ஆர்.ஆர். எனப்படும் பின்னணி இசை எல்லாம் ஒரே ட்ராக்கில் பிசைந்து கிடக்கின்றன; நடு ட்ராக், பக்க ட்ராக் என்ற சௌகரியம் கிடையாது. இரண்டாவது, பாட்டுகள். முழுப் பாட்டையும் தூக்குவதா, உள்ளே சுருக்குவதா என்பதற்கு முன்னால் சொன்ன அதே அளவுகோல்தான்: அந்தப் பாட்டு முடியும்போது கதை நகர்ந்திருக்கிறதா? கர்ணன் சாயும் நேரத்தில் வரும் சீர்காழி கோவிந்தராஜனின் பாட்டை எடுத்துவிட்டு ‘கர்ணன்’ என்று பெயர் வைக்க முடியாது.

சுருக்குவதானால் பல்லவி, சரணம் என்ற அமைப்பே உங்களுக்கு உதவும். முதல் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் வெட்டி, கடைசிப் பல்லவியில் சேருங்கள். இரண்டாவது இடையிசையும் இரண்டாவது சரணமும் போய்விடும், ஒன்றரை நிமிடம் வரை மிச்சம். சேரும் இடம் தாளத்தின் முதல் தட்டில் விழ வேண்டும், ஒரு மாத்திரை பிசகினாலும் காலால் தாளம் போடுபவர் நிறுத்திவிடுவார். மெட்டு ஒன்றேயானாலும் கடைசிப் பல்லவியில் பாடகர் சங்கதி சேர்த்திருப்பார், வாத்தியமும் கூடியிருக்கும், திடீரென்று ஒலி பெருத்ததுபோல் தோன்றும். அங்கே ஒரு டெசிபல் குறைத்து, இரண்டு விநாடியில் ஏற்றிக்கொள்ளுங்கள். உதட்டசைவுக்காக, சேரும் இடத்தில் பாடுபவர் முகம் இல்லாத ஷாட்டை வையுங்கள்: தூர ஷாட், கேட்பவர் முகம், தேர்ச் சக்கரம், எதுவானாலும்.

கேள்வி: சுருக்கிய படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் வேண்டும். வெட்டிய பிறகு நேரமெல்லாம் மாறிவிடுகிறதே? – வாசகி, யாழ்ப்பாணம்

வெட்டும் முன்பே சப்டைட்டிலை டைம்லைனில் போட்டுவிடுங்கள், படத்தோடு சேர்ந்து அதுவும் நகரும். டிஸ்க்கிலிருக்கும் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் எழுத்தாக மாற்றி, நேரமும் வரியும் அடங்கிய எஸ்ஆர்டி ஃபைலாக ஆக்கிக்கொள்ள வேண்டும். முடிந்ததும் ஏற்றுமதி செய்து, வெட்டுகளின் மேல் பாதியாக நறுக்கப்பட்ட வரிகளைத் தேடிச் சரிசெய்யவும்.

மொழிபெயர்க்கும்போது ஒரு வரிக்கு நான்கைந்து சொல், மொத்தம் இரண்டு வரி, திரையில் குறைந்தது இரண்டு விநாடி. தமிழ்ச் சொற்கள் நீளம். ஆங்கில வரியை முழுசாகப் பெயர்த்தால் படிக்கவே நேரம் போய்விடும், லாரன்ஸ் முகத்தை யார் பார்ப்பது? ஃபைலை யுடிஎஃப்-8இல் சேமியுங்கள். பல டிவிகளில் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும். அப்படியானால் இறுதி ஏற்றுமதியில் எழுத்தைப் படத்திலேயே பதித்துவிடுங்கள். 2.20 விகிதப் படமாதலால் 1080 திரையில் மேலும் கீழும் தலா 104 பிக்சல் கறுப்புப் பட்டை இருக்கிறது, கீழ்ப் பட்டையில் ஒரு வரி வசதியாக உட்காரும்.

கேள்வி: சட்டப்படி சரியா? முடித்ததை நண்பர்களுக்கு அனுப்பலாமா, இணையத்தில் ஏற்றலாமா? – வாசகர், சென்னை

வீட்டில் சொந்தமாகப் பார்க்க என்பதோடு நிற்பது உத்தமம். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு டிஸ்க்கின் பூட்டை உடைப்பதை 2012இல் வந்த 65ஏ பிரிவு குற்றமாக்கியிருக்கிறது.

‘60 வருஷம் ஆகிவிட்டதே, பழைய படம்தானே’ என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் திரைப்படத்துக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆனால் அது படம் என்ற பொருளுக்கு மட்டும். பாடல் வரிக்கும் இசைக்கும் திரைக்கதைக்கும், எழுதியவர் இறந்த பிறகு 60 ஆண்டு என்று தனிக் கணக்கு. ‘கர்ணன்’ பாடல்களை எழுதிய கண்ணதாசன் 1981இல் இறந்தார், அவர் வரிகள் 2041 முடிய உரிமைக்கு உட்பட்டவை. மோரிஸ் ஜார் இறந்தது 2009. போதாததற்கு, அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டுப் படத்துக்கு 95 ஆண்டு. வீடியோ தளங்கள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தைப் பார்த்துத்தான் நீக்கும்.

பகிர ஆசைப்பட்டால் படத்தைப் பகிராமல் நேரப்பட்டியலைப் பகிருங்கள். எம்பிவி என்ற இலவசப் பிளேயர், ‘இந்த ஃபைலில் இத்தனையாவது விநாடியிலிருந்து இத்தனை விநாடி’ என்று வரிவரியாக எழுதிய சிறிய உரைக் கோப்பை எடுத்துக்கொண்டு, வெட்டிய படம்போலவே ஓட்டிக் காட்டும். அதே டிஸ்க் வைத்திருக்கும் நண்பர் தன் பிரதியில் அதை ஓட்டிக்கொள்ளலாம். கிராஸ்ஃபேட் எதுவும் வராது, காது இடறும். ஆனால் 200 ஜிபி மாற்றுகிற வேலையில் இறங்கும் முன், வெட்டுப்பட்டியல் தேறுமா என்று பார்க்கவும் இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

கேள்வி: முடித்துவிட்டேன், 168 நிமிடம். சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – வாசகர், திண்டுக்கல்

முதலில் ஹெட்போன் மாட்டி, திரையை அணைத்துவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் பத்து விநாடி முன்னும் பின்னும் கேளுங்கள். இடறியதைக் குறித்துக்கொண்டு திருத்துங்கள். பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள். இப்போது உங்களுக்கு முழுப் படமும் மனப்பாடம். எடுத்துவிட்ட காட்சியை மனம் தானாகவே நிரப்பிக்கொள்ளும், ஓட்டை தெரியாது.

அடுத்து, அசல் படத்தைப் பார்த்தே இராத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக்காட்டுங்கள். நடுவில் விளக்கம் சொல்லாதீர்கள். ‘இவன் யார்?’, ‘இவங்க எப்ப இங்க வந்தாங்க?’ என்று அவர் கேட்கும் நேரத்தை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ‘போர் அடிக்கிறது’ என்றால் அதைப் பெரிதுபடுத்த வேண்டாம், ‘யார்’, ‘எப்போது’ என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் வெட்டிய துண்டில் பதில் இருக்கும். அந்தப் பதில் இருக்கும் ஐந்து, பத்து விநாடியை மட்டும் திரும்ப ஒட்டினால் போதும், முழுக் காட்சியும் தேவைப்படாது.

ஏற்றுமதி செய்யும்போது ஹெச்.264, விநாடிக்கு 20 மெகாபிட் அளவில் வைத்தால் 168 நிமிடத்துக்கு 25 ஜிபி வரும். இதைவிடக் குறைத்தால் முதலில் அடிவாங்குவது வானமும் மணலும்தான். ஃபிலிம் துகள் எல்லாம் கரைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். 64 ஜிபி பென்டிரைவில் போட்டு டிவியில் செருகுகிறீர்கள் என்றால் அது எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை ஏற்காது.